உலாவியும் உறவும்: வெளிநாட்டுத் தமிழ் வீடுகளின் ஒரு சின்ன வரலாறு

வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் விமானம், விசா, வேலை, கோயில், தமிழ்ப் பள்ளி ஆகியவற்றைப் பற்றி எழுதுவார்கள். வீட்டுக் கூடத்தின் மூலையில் இருந்த கணினியைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் 1990களின் பிற்பாதியில் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், ஊரோடும் மொழியோடும் அந்தக் குடும்பங்களுக்கு இருந்த தொடர்பு இணைய உலாவியின் சில சின்னச் சின்ன அமைப்புகளை நம்பி இருந்தது. எந்த மெனுவைத் திறக்க வேண்டும், எந்த எழுத்துருவை நிறுவ வேண்டும், எந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும் என்று தெரிந்தால் திரையில் தமிழ் தெரியும். தெரியாவிட்டால் வெறும் கட்டங்களும், தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும்தான் தெரியும்!

அந்தக் குறிப்புகள் எப்படிப் பிறந்தன, வீடுகளுக்குள் என்ன செய்தன, இன்று அவற்றில் எவை மிச்சம் என்பதைப் பார்ப்போம்.

கடிதக் காலம்

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக கனடா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், நார்வே ஆகிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். தமிழ்நாட்டில் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒரு பக்கம். 1990களில் மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போனவர்கள் இன்னொரு பக்கம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் வேறு.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கடிதம். நீல நிற ஏரோகிராம் தாளில் ஓரம் வரை எழுதி, மடித்து ஒட்டி அனுப்பிவிட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். தொலைபேசிக் கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். போர்க்கால யாழ்ப்பாணத்திலோ மின்சாரமும் தொலைபேசியும் ஆண்டுக்கணக்கில் இல்லை. ஊர்ச் செய்தி அறிய வழியே கடிதமும் வானொலியும் யாராவது கொண்டுவரும் பழைய பத்திரிகையும்தான்.

ஒரே ஏரிக்கரையில்

இந்த நிலையை மாற்றிய உலாவி பிறந்தது ஓர் ஆய்வுக்கூடத்தில். ஜெனிவா நகருக்கு அருகே உள்ள செர்ன் நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் உலாவியை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த மொசைக் உலாவி, எழுத்தோடு சேர்த்துப் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வந்தது. 1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது.

அதே ஜெனிவா ஏரியின் கரையில் உள்ள இன்னொரு ஊர் லோசான். அங்கே வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய தமிழர் கு. கல்யாணசுந்தரம். தமது துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை அவர் ஓய்வு நேரத்தில் எடுத்துக்கொண்டார். கணினியில் தமிழ் எழுத 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஊரில் இருந்து மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாத நூலகத்தை அவர்கள் திரையிலே கட்டிக்கொண்டார்கள் என்றால் மிகையாகாது.

சிங்கப்பூரில் ஏறிய கவிதை

தமிழை உலாவியில் ஏற்றும் முயற்சியில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. அங்கே தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிட்டபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்தவர். 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவரும் அவரே. 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததிலும் அவருடைய பங்கு பெரியது. 1999இல் அவர் காலமானார்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருள் பணியைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' ஆனது. ஆங்கில விசைகளில் ஒலிக்கேற்பத் தட்டினால் திரையில் தமிழ் வரும் 'அஞ்சல்' முறை பலருக்கும் கைகொடுத்தது. தமிழ்த் தட்டச்சு படிக்காதவர்களும் தமிழில் கடிதம் எழுத முடிந்தது.

கவனித்தால் ஒன்று புரியும். சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று தொடக்க கால முயற்சிகளில் பல தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தவை. மொழி கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் வெளியில் இருப்பவர்களுக்கு முதலில் வருவது இயல்புதானே!

கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழ்

சிக்கல் எங்கே இருந்தது? அன்றைய கணினி ஓர் எழுத்துக்கு 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணைக் கொடுக்கும். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டன. மிச்சம் 128. தமிழில் உள்ள 247 எழுத்துகளையும் அதற்குள் அப்படியே அடக்க முடியாது. எனவே எழுத்துருவை உருவாக்கியவர்கள் கால், கொம்பு, கொக்கி என்று துண்டு துண்டாகப் பிரித்து, தங்களுக்குச் சரியென்று பட்ட இடத்தில் வைத்தார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ம' வைத்திருப்பார். இதன் விளைவு: ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி 'டிஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற குறியேற்றங்களையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. 2000இல் இந்த முயற்சிகளை ஒருங்கிணைக்க 'உத்தமம்' அமைப்பு உருவானது. ஆனாலும் பத்திரிகைகள் பலவும் தம் சொந்த எழுத்துருவை விடவில்லை.

அதனால் அன்றைய தமிழ் வீடுகளில் ஒரு காகிதம் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதில் இருந்த குறிப்புகள் ஏறக்குறைய இவைதான்:

* எழுத்துருவைத் தரவிறக்கம் செய்து, கண்ட்ரோல் பேனலில் உள்ள ஃபான்ட்ஸ் பெட்டியில் போட வேண்டும்.
* உலாவியை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.
* வியூ மெனுவில் என்கோடிங் என்பதற்குப் போய் 'யூசர் டிஃபைன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
* அப்படியும் வராவிட்டால், இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ஃபான்ட்ஸ் பொத்தானை அழுத்தி, 'யூசர் டிஃபைன்ட்' எழுத்துக்குரிய எழுத்துருவாகத் தமிழ் எழுத்துருவை வைக்க வேண்டும்.

இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் இந்த நான்கு படிகளில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ இருந்த மெனுவில் எது எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, அல்லது எழுத்துக் கூட்டித்தான் வரும். திரையில் வந்த தமிழ் சரியா பிழையா என்பது அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் தெரியும். அவர்களுக்கு மெனு தெரியாது. ஒருவர் அறிவு மட்டும் இருந்தால் பக்கம் திறக்காது. இரண்டு தலைமுறையும் ஒரே நாற்காலிப் பக்கம் வந்து நின்றால்தான் ஊர்ப் பத்திரிகை திறக்கும். "இப்ப வருதா?" "கொம்பு இடம் மாறி நிக்குது, வேற ஒண்ணை அமுக்கு" என்ற உரையாடல் அன்றைய வீடுகளில் சாதாரணம். தமிழ் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளில் சிலர் பாடப்புத்தகத்தில் கற்றதைவிட இப்படிப் பிழை திருத்தியே அதிகம் கற்றார்கள்.

மறுமுனையில் பிரவுசிங் சென்டர்

மற்ற ஊர்களில் 'இன்டர்நெட் கஃபே' என்று அழைக்கப்பட்ட கடையைத் தமிழ்நாட்டில் 'பிரவுசிங் சென்டர்' என்றார்கள். உலாவியின் பெயரையே கடைக்கு வைத்தது தமிழ்நாட்டு வழக்கம்! 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. 1996 ஜூலை 4 அன்று, பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜேக் ஸ்மித்தும் அமெரிக்காவில் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். உலாவி இருந்தால் போதும், எந்தக் கணினியில் இருந்தும் அஞ்சல் பார்க்கலாம். சொந்தக் கணினி இல்லாத வீட்டுக்கும் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது இதனால்தான்.

துபாயில் இருக்கும் கணவருக்கும் நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கும் அஞ்சல் அனுப்ப, மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து அந்தத் தடுப்புப் பலகைகளுக்கு இடையே உட்கார்ந்தவர்கள் ஏராளம். தமிழ் எழுத்துரு இருக்காது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதினார்கள். 'ழ' போய் 'ல' ஆனது. 'ண', 'ன' வித்தியாசம் மறைந்தது. ஆனாலும் நலம் விசாரிக்கும் வரி அடுத்த நிமிடமே போய்ச் சேர்ந்தது.

அந்தக் கடைகளில் கற்றுக்கொள்ள வேண்டிய குறிப்புகள் வேறு மாதிரி. கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று உலாவி கேட்டால் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். எழுந்து போகும்முன் 'சைன் அவுட்' செய்ய வேண்டும். ஹிஸ்டரியையும் குக்கீகளையும் அழிக்க வேண்டும். அழிக்காமல் எழுந்தால், அடுத்து உட்காருபவர் முன்னால் குடும்பத்தின் பணக் கணக்கும் பிணக்கும் திறந்து கிடக்கும். வீட்டுப் பீரோவைப் பூட்டுவது போல உலாவியையும் பூட்டக் கற்றது அந்தத் தலைமுறை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தச் சின்ன அறிவு பெரிய விஷயமாக ஆனது. தொலைபேசித் தடங்கள் நெரிந்து கிடந்தன. நாகப்பட்டினம், கடலூர், முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று ஊர்ப்பெயர் தேடி வெளிநாட்டு வீடுகளில் உலாவியின் முன் உட்கார்ந்தவர்கள் பலர். ஆனால் உலாவி வேகத்துக்காக முன்பு பார்த்த பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து, அதையே சில நேரம் திரும்பக் காட்டும். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்5 அழுத்தினால்தான் அந்த நகலை ஒதுக்கிவிட்டுப் புதிய பக்கத்தைக் கொண்டுவரும். அது தெரியாதவர் காலைச் செய்தியையே மாலை வரை பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

தானே இறங்கிய எழுத்துரு

எழுத்துருவை நிறுவும் தொல்லைக்கு ஒரு தீர்வாக 1997இல் 'இயங்கு எழுத்துரு' வந்தது. பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும். ஆனால் இதிலும் ஒரு போட்டி! நெட்ஸ்கேப் 4க்கு ஒரு வடிவம், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4க்கு வேறொரு வடிவம். இரண்டையும் தயாரிக்க முடியாத தளங்கள் எக்ஸ்புளோரருக்கு உரியதை மட்டும் வைத்தன. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. தாவல்களும் பாப்-அப் தடுப்பும் கொண்ட நல்ல உலாவி அது. ஆனால் அந்த இயங்கு எழுத்துருக்களை அது படிக்கவில்லை. எனவே தமிழ்ப் பத்திரிகைக்கு எக்ஸ்புளோரர், மற்றதற்கெல்லாம் ஃபயர்ஃபாக்ஸ் என்று ஒரே கணினியில் இரண்டு உலாவிகளை வைத்துக்கொண்ட வீடுகள் இருந்தன. 'பத்மா' என்ற நீட்சியைச் சேர்த்தால் பழைய எழுத்துருப் பக்கங்களை ஃபயர்ஃபாக்ஸ் யூனிகோடாக மாற்றிக் காட்டும் என்பது அன்றைய அருமையான குறிப்புகளில் ஒன்று.

யூனிகோடு வந்தது

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதாது. 'கொ' என்று காட்ட, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக எடுத்து வைக்கக் கணினிக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் 2000இல் அந்த அறிவும் 'லதா' எழுத்துருவும் வந்தன. விண்டோஸ் எக்ஸ்பியிலோ, ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். பல கணினிகளில் குறுந்தகட்டையும் போட வேண்டும். அந்த ஒரு டிக் எத்தனையோ வீடுகளில் தமிழைத் திறந்தது. தமிழில் எழுத 'எ-கலப்பை' இலவசமாகக் கிடைத்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி உருவாக்கிய 'தேனீ' எழுத்துரு உதவியது. 2006இல் மறைந்த அவரைத் தமிழ்க் கணினி உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா வளரத் தொடங்கியபோது அதற்கு அடித்தளம் இட்டவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அப்போது அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். இங்கும் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் வெளிநாட்டு வீடு ஒன்றில் இருந்து நடந்த பணிதான் அது.

தலைகீழான மொழிபெயர்ப்பு

மொழி தெரியாத நாட்டில் குடியேறிய பெற்றோருக்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். பள்ளியில் இருந்து வரும் கடிதத்தை அந்தப் பிள்ளையே படித்துச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிய புகாரையும் அவனே மொழிபெயர்க்க வேண்டும்! எவ்வளவு சரியாக மொழிபெயர்த்திருப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2008இல் வந்த குரோம் உலாவி 2010இல் பக்கத்தை மொழிபெயர்க்கும் வசதியைச் சேர்த்தது. 2011 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. அந்தத் தமிழ் கரடுமுரடாக இருந்தாலும், நார்வே மொழியிலோ பிரெஞ்சிலோ உள்ள அறிவிப்பின் சாரத்தைத் தாய் தானே தெரிந்துகொள்ள வழி பிறந்தது.

இன்று உதவும் குறிப்புகள்

நெட்ஸ்கேப்பின் ஆதரவு 2008இல் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. இன்றைய உலாவியில் தமிழ் எந்த அமைப்பும் இல்லாமல் தானே தெரிகிறது. இருந்தாலும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சில:

* பெரியவர்களுக்கு எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்துங்கள். பழைய அளவுக்கு வர கண்ட்ரோலுடன் 0.
* தவறுதலாக மூடிய தாவலைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.
* பிறர் கணினியில் அஞ்சல் பார்க்கும்போது தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து பாருங்கள். மூடியதும் ஹிஸ்டரி தங்காது. ஆனால் இணைப்பு தரும் நிறுவனத்தின் கண்ணில் இருந்து அது மறைக்காது.
* முக்கியமான பக்கத்தை புக்மார்க் செய்வதோடு நிற்காமல், கண்ட்ரோலுடன் எஸ் அழுத்திச் சேமித்து வையுங்கள். தளம் மூடினால் புக்மார்க் வெறும் முகவரிதான்.

கடைசிக் குறிப்புக்குக் காரணம் உண்டு. தமிழர்கள் பலர் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. சாகாமல் தப்பிய பழைய பக்கங்களுக்கும் வேறொரு ஆபத்து. என்கோடிங்கைக் கையால் மாற்றும் மெனுவை உலாவிகள் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டன. 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, குறியேற்றத்தைத் தானே யூகித்துச் சரிசெய்யும் ஒற்றைக் கட்டளையை மட்டும் வைத்தது. அந்த நான்கு படிக் காகிதம் கையில் இருந்தாலும் இன்று அதன்படி செய்ய முடியாது.

1998இல் ஒரு தந்தை டொராண்டோவில் இருந்து எழுதி வைத்த ஊர் நினைவுகள் இன்று அவர் பேரன் கண்ணுக்கு வெறும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அது அழியவில்லை, பூட்டிக் கிடக்கிறது. அந்த எழுத்துகளைப் பிரதி எடுத்து, 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, டிஸ்கி, டாப், மயிலை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தமிழ் வெளியே வந்துவிடும். தளமே இல்லையென்றால், 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் 'வேபேக் மெஷின்' காப்பகத்தில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடலாம்.

எது சரியாக வந்தது என்று சொல்ல மட்டும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியைத் தட்டப் பேரனும், கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கப் பாட்டியும் இருக்கும் வீடுகளில், இந்த வேலையை ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். பாட்டி இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.